நீல நிறத்தை நம்பாதீர்கள்: ஆல்டிகா வண்டுகள் பற்றிய கேள்வி – பதில்

இலை வண்டுகளில் எந்தப் பேரினத்தைப் பற்றி எழுதினாலும் ஒன்றிரண்டு கேள்விகளோடு முடிந்துவிடும். ஆல்டிகாவைத் தொட்டால் கேள்விகள் நிற்பதில்லை. பளபளக்கும் நீலமோ பச்சையோ கலந்த உடல், 3 முதல் 6 மி.மீ. வரை நீளம், பருத்த பின்தொடை. உலகம் முழுக்க 300-ஐ ஒட்டிய சிற்றினங்கள், ஏறத்தாழ எல்லாம் ஒரே சாயல். இந்த இதழில் அவற்றை வகைப்படுத்துவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: நீல வண்டு ஒன்றைத் துல்லியமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மேலிருந்து எடுத்த படம், நல்ல வெளிச்சம். ஆல்டிகாவில் எந்தச் சிற்றினம் என்று சொல்ல முடியுமா?

முடியாது. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இதே பதில்தான். ஒரே சிற்றினத்துக்குள்ளேயே நீலம், பச்சை, வெண்கலச் சாயல் என்று நிறம் மாறும். இது சாயத்தால் வரும் நிறமில்லை. உடலோட்டின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் உண்டாவது. பார்க்கும் கோணம் மாறினாலே நிறமும் மாறும். கூட்டுப்புழுப் பருவம் முடிந்து புதிதாக வெளிவந்த வண்டு ஓடு இறுகும்வரை மங்கலாகத்தான் இருக்கும். ஆகவே நிறத்தை வைத்துச் சிற்றினம் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

படத்தை வைத்துப் பேரினம் வரை வரலாம். அதற்கும் மேலிருந்து எடுத்த படம் மட்டும் போதாது. பக்கவாட்டில் ஒன்று, அடிப்புறம் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று என்று எடுங்கள். எந்தச் செடியில் இருந்தது என்பது தெரிய, இலையும் பூவும் சேர்ந்த படம் ஒன்றும் வேண்டும். பதிவில் ‘ஆல்டிகா, சிற்றினம் தெரியவில்லை’ என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தவறான சிற்றினப் பெயரைவிடச் சரியான பேரினப் பெயர் எவ்வளவோ பயனுள்ளது.

கேள்வி: பேரினத்தை மட்டுமாவது உறுதி செய்ய என்னென்ன பார்க்க வேண்டும்? கைலென்ஸ் மட்டும்தான் இருக்கிறது.

10 மடங்கு கைலென்ஸ் போதும், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். நேர் மேலே விளக்கை வைத்தால் பளபளப்பில் பள்ளங்கள் எல்லாம் மறைந்துவிடும்.

முதலில் பாதத்தைப் பாருங்கள். ஐந்து கணுக்கள் இருந்தும் நான்குதான் இருப்பதாகத் தோன்றும். மூன்றாம் கணு இரு மடலாகப் பிளந்து, சிறிய நான்காம் கணுவைத் தனக்குள் மறைத்துக்கொள்கிறது. இது இலை வண்டுக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான அடையாளம். அடுத்து உணர்கொம்புகள். இரண்டின் அடியும் முகத்தில் ஒன்றையொன்று நெருங்கி இருந்தால் கேலெருசினே துணைக்குடும்பத்தின் பக்கம் போகலாம். விலகி இருந்தால் கிரைசோமெலினே. பின்தொடை மற்றத் தொடைகளைவிடத் தெளிவாகப் பருத்திருந்தால் அது தெள்ளுபோல் துள்ளிக் குதிக்கும் தெள்ளு வண்டுக் கூட்டம். முன்பு ஆல்டிசினே என்று இதைத் தனித் துணைக்குடும்பமாக வைத்திருந்தார்கள். இப்போது கேலெருசினேவுக்குள் ஆல்டிசினி என்ற இனக்குழுவாக வைப்பதே வழக்கம்.

இனி ஆல்டிகாவுக்கே உரியவை. தலைக்குப் பின்னால் இருக்கும் முன்மார்புத் தகட்டின் பின்விளிம்புக்குச் சற்று முன்னால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை குறுக்காக ஒரு பள்ளம் ஓடும். உறைச்சிறகின் (பறக்கும் சிறகை மூடியிருக்கும் கடினமான முன்சிறகின்) மேலுள்ள புள்ளிக்குழிகள் வரிசையாக இல்லாமல் தாறுமாறாக இருக்கும். இரண்டும் சேர்ந்திருந்தால் ஆல்டிகாவாக இருக்க வாய்ப்பு அதிகம். குறுக்குப் பள்ளம் விளிம்பை எட்டாமல் இருபுறமும் ஒரு சிறு குழியில் நின்றுபோய், புள்ளிக்குழிகளும் வரிசை வரிசையாக இருந்தால் அது கிரெபிடோடெரா என்ற வேறு பேரினம். பள்ளமே இல்லாமல், அடியில் இரண்டு குட்டையான நெடுக்குக் கீறல்கள் மட்டும் இருந்தால் போடாக்ரிகா, நிசோட்ரா பக்கம் தேடுங்கள்.

கேள்வி: முட்டைக்கோஸ் நாற்றில் குண்டூசித் துளைகள். ஆல்டிகா ஒலரேசியா என்ற பெயரிலேயே காய்கறி (லத்தீனில் ஒலரேசியா என்றால் காய்கறி சார்ந்தது) இருக்கிறதே, அதுதானா?

இல்லை. ஒலரேசியா தின்பது எபிலோபியம் வகைச் செடிகளையும் அதன் உறவுக் குடும்பங்களையும். கோஸ், கடுகு, முள்ளங்கி நாற்றில் துளை போடுவது பெரும்பாலும் ஃபில்லோட்ரெட்டா என்ற வேறொரு தெள்ளு வண்டுப் பேரினம். அளவில் சிறியது, 2 முதல் 3 மி.மீ., முன்மார்புத் தகட்டில் குறுக்குப் பள்ளம் கிடையாது. வாழ்க்கை முறையும் வேறு. ஃபில்லோட்ரெட்டாவின் பல சிற்றினங்களில் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும். ஆல்டிகாவில் புழுவும் இலை மேலேயே, பெரிய வண்டுகளோடு சேர்ந்து மேயும். கறுத்த புழுக்கள் இலையில் தெரிகின்றனவா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கேள்வி: சிற்றினத்தைக் கண்டுபிடிக்க ஆண் உறுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அதை எப்படிச் செய்வது? ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள். இரண்டு வண்டுகளை ஏற்கெனவே பாழாக்கிவிட்டேன்.

வெளித்தோற்றத்தில் கிடைக்கும் அடையாளங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரு சிற்றினங்களுக்கு அவை உதவும். வட அமெரிக்காவின் ஆல்டிகா பைமார்ஜினேட்டாவிலும் ஐரோப்பாவில் ஓக் மரத்தைத் தின்னும் குவெர்செடோரமிலும் உறைச்சிறகின் பக்கவாட்டில் நெடுக்காக ஒரு மடிப்பு இருக்கும். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு ஆண் உறுப்பைப் பார்க்காமல் முடிவு சொல்ல வழியில்லை.

ஆணா பெண்ணா என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஆணின் முன்கால் பாதத்தில் முதல் கணு அகன்றிருக்கும். வயிற்றின் கடைசி அடித்தகட்டின் நுனியில் இரு பக்கமும் வெட்டு விழுந்து நடுவில் ஒரு மடல் தெரியும். பெண்ணில் அந்த நுனி சீராக வளைந்திருக்கும்.

காய்ந்த வண்டை அப்படியே தொட்டால் கால் உதிரும். வெந்நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு 20 முதல் 30 நிமிடம் ஊற வையுங்கள். தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருந்தால் போதும், கொதிக்கக் கூடாது. பிறகு வண்டை மல்லாக்க வைத்து, மென்மையான இடுக்கியால் மார்பின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு, நுனி வளைத்த மெல்லிய ஊசியை வயிற்றின் கடைசி மேல்தகட்டுக்கும் அடித்தகட்டுக்கும் இடையே நுழைத்து மெதுவாக இழுத்தால் உறுப்பு வெளியே வரும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிடப் பத்திரமான வழி ஒன்று உண்டு. உறைச்சிறகுகளை லேசாகத் தூக்கி, வயிற்றை அதன் அடியிலிருந்து முழுதாகக் கழற்றிவிடுவது. பிறகு அதை அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். மார்பும் கால்களும் சேதமாகாது. உங்கள் இரண்டு வண்டுகளும் முதல் வழியில்தான் பாழாகியிருக்க வேண்டும்.

கழற்றிய வயிற்றை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போடுங்கள். 90 மி.லி. தண்ணீருக்கு 10 கிராம். தண்ணீரில்தான் ஹைட்ராக்சைடைப் போட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அறை வெப்பத்தில் 8 முதல் 12 மணி நேரம் விட்டால் தசை கரையும். அவசரமென்றால் சோதனைக்குழாயை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி 5 முதல் 10 நிமிடம். அதற்குள்ளும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதிக நேரம் விட்டால் உறுப்பு கண்ணாடிபோல் ஆகி, அடிப்புறத்துச் சுருக்கங்கள் தெரியாமல் போகும். அந்தச் சுருக்கங்கள்தான் நமக்கு வேண்டியவை! ஆண் உறுப்பு பொதுவாகவே நன்கு கடினமானது. ஒட்டிய தசையை ஊசியால் உரித்துவிட முடிந்தால் ஹைட்ராக்சைடே வேண்டாம்.

பிறகு நல்ல தண்ணீரில் இருமுறை அலசி, மூன்றாம் தண்ணீரில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் மிச்சமிருக்கும் காரம் அடங்கும். குழிவுள்ள கண்ணாடித் தகட்டில் கிளிசரின் விட்டு நுண்ணோக்கியில் 40 மடங்குக்கு மேல் பாருங்கள். மேலே, பக்கவாட்டில், அடியில் என்று மூன்று பார்வையும் வேண்டும். கவனிக்க வேண்டியவை இவை: நுனி மழுங்கியதா, கூரியதா, நுனியில் சிறு முனை துருத்துகிறதா, பக்கத்திலிருந்து பார்க்கும்போது எங்கே வளைகிறது, எவ்வளவு வளைகிறது, அடிப்புறத்தில் நடுவே ஓடும் வாய்க்கால் எவ்வளவு ஆழம், எங்கே முடிகிறது, இரு பக்கத்துச் சாய்வான சுருக்கங்கள் நெருக்கமா, அகலமா.

தவறு நேர்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். உறுப்பு கிளிசரினில் உருண்டுகொண்டே இருக்கும். சற்றே சாய்ந்த நிலையில் வரைந்த படம் வேறொரு சிற்றினத்தின் படத்தோடு அப்படியே ஒத்துப்போகும். கிளிசரினுக்குப் பதில் கை சுத்தம் செய்யும் ஆல்கஹால் ஜெல்லில் பதித்தால் வைத்த இடத்தில் அசையாமல் நிற்கும், வேலை முடிந்ததும் தண்ணீரில் கரைந்துவிடும். இன்னொன்று, ஓடு இறுகாத இளம் வண்டை எடுக்காதீர்கள். அதன் உறுப்பு காயும்போது சுருங்கி, சிற்றினம் காண உதவும் எந்தத் திறவுகோல் அட்டவணையிலும் இல்லாத வடிவமாகிவிடும். அதைப் புதுச் சிற்றினம் என்று நினைத்துக் கடிதம் எழுதுகிறவர்கள் உண்டு.

ஒரே ஆணைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒரே இடத்தில் ஒரே செடியில் பிடித்த ஐந்து ஆண்களையாவது பாருங்கள். ஒரு சிற்றினத்துக்குள் வடிவம் எவ்வளவு மாறலாம் என்பது அப்போதுதான் பிடிபடும்.

வேலை முடிந்ததும் உறுப்பை அதே வண்டின் அட்டையிலேயே, நீரில் கரையும் பசையால் ஒட்டுங்கள். அல்லது கிளிசரின் துளி விட்ட குட்டிக் குப்பியில் போட்டு, வண்டின் அட்டை இருக்கும் அதே ஊசியில் குத்துங்கள். தனி டப்பாவில் எண் போட்டு வைக்கிறேன் என்று தொடங்கினால், எந்த உறுப்பு எந்த வண்டினுடையது என்ற குழப்பம் நிச்சயம் வரும்.

கேள்வி: என்னிடம் இருப்பவை எல்லாம் பெண் வண்டுகள். என்ன செய்ய?

விந்துப்பையைப் பார்க்கலாம். கொக்கிபோல் வளைந்த சிறு உறுப்பு, அதிலிருந்து ஒரு மெல்லிய குழல். பையின் வடிவமும் குழலின் நீளமும் சுருளும் உதவும். ஆணுறுப்பு அளவுக்கு இது தீர்ப்புச் சொல்லாது. பல சிற்றினங்களில் வித்தியாசம் மிக நுண்மையானது. விந்துப்பை வெளிறி இருப்பதால் ஹைட்ராக்சைடில் இன்னும் சீக்கிரம் மறைந்துபோகும். ஊறவைத்த பின் குளோரசால் பிளாக் சாயத்தில் ஒரு நிமிடம் நனைத்தால் தெரியும். முடிந்தால் அதே செடிக்குத் திரும்பிப் போய் ஆண்களைத் தேடுவதே மேல்.

கேள்வி: ஆல்டிகா எந்தச் செடியில் இருக்கிறதோ அதை வைத்தே சிற்றினம் சொல்லிவிடலாம் என்று கேள்விப்பட்டேன்.

பாதி உண்மை. பல சிற்றினங்கள் ஓரிரு செடிகளையே நம்பி வாழ்கின்றன. ஆல்டிகா ஆம்பெலோபாகா மத்தியதரைக்கடல் பகுதியில் திராட்சையைத் தின்னும். வட அமெரிக்காவில் திராட்சை மொட்டைக் குடைவது சாலிபியா. தெற்காசியாவில் அடிக்கடி கிடைக்கும் சயானியா லுட்விஜியா செடிகளில், அதாவது நீர்க்கிராம்பு வகைகளில், கூட்டங்கூட்டமாக இருக்கும். நெல் வயலில் அது தென்பட்டால் நெல்லுக்கு ஆபத்து என்று மருந்தை எடுக்கும் முன், வரப்பில் என்ன களை இருக்கிறது என்று பாருங்கள்.

ஆனால் ஒரே செடியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினம் இருப்பதும் உண்டு. எபிலோபியத்தில் ஒலரேசியாவும் இருக்கலாம், லித்ரியும் இருக்கலாம். அங்கே செடி கைகொடுக்காது. போதாததற்கு, வண்டு உட்கார்ந்திருக்கும் செடியெல்லாம் அதன் உணவுச்செடி ஆகிவிடாது. காற்றில் வந்து விழுந்ததாகவும் இருக்கலாம். முட்டையோ புழுவோ அதே செடியில் இருந்தால், அல்லது அடைத்துவைத்த வண்டு 24 மணி நேரத்தில் அந்த இலையைத் தெளிவாகத் தின்றிருந்தால் மட்டும் ‘உணவுச்செடி’ என்று எழுதுங்கள். மற்றபடி ‘இதன் மீது பிடித்தது’ என்று குறித்தால் போதும்.

சீனாவில் ஆய்வுக்கு உட்பட்ட மூன்று சிற்றினங்கள் இதற்கு நல்ல உதாரணம். ஃபிராகாரியே என்பது காட்டு ஸ்ட்ராபெர்ரி போன்ற டுச்செஸ்னியாவையும், விரிடிசயானியா என்பது ஜெரேனியத்தையும், சிர்சிகோலா என்பது சிர்சியம் முட்செடியையும் தின்கின்றன. நெருங்கிய உறவினர்கள். ஆய்வகத்தில் சேர்த்து அடைத்தால் கலப்புப் பிறப்பதும் உண்டு. வெளியே அவற்றைப் பிரித்துவைப்பதில் செடிக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

கேள்வி: டிஎன்ஏ பார்கோடு எடுத்தால் இந்தத் தொல்லையெல்லாம் தீராதா?

மற்றப் பேரினங்களில் பெரும்பாலும் தீரும். ஆல்டிகாவில் தீராது. பார்கோடுக்கு வழக்கமாகப் படிப்பது மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வரும். வோல்பாகியா என்ற பாக்டீரியாவும் தாய் வழியாகவே, முட்டைக்குள் புகுந்து, அடுத்த தலைமுறைக்குப் போகிறது. எப்போதோ நடந்த ஒரு கலப்பில் வோல்பாகியா ஒரு சிற்றினத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பரவினால், கூடவே அந்தத் தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவும் பரவிவிடும். ஐரோப்பிய ஆல்டிகாக்களில் இது நடந்திருப்பதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. விளைவாக, உருவத்தால் தெளிவாக வேறுபடும் இரண்டு வண்டுகள் ஒரே பார்கோடைக் காட்டலாம். ஒரே சிற்றினத்தின் இரண்டு வண்டுகள் வெவ்வேறு பார்கோடைக் காட்டலாம்.

எடுக்கவே கூடாது என்பதில்லை. உயிரணுவின் உட்கருவிலுள்ள (நியூக்ளியஸ்) மரபணு ஒன்றையும் சேர்த்துப் படியுங்கள், அதே வண்டின் ஆண் உறுப்பையும் பாதுகாத்து வையுங்கள். டிஎன்ஏவுக்கான வண்டுகளை எத்தில் அசிடேட்டில் கொல்லாதீர்கள், டிஎன்ஏ சிதையும். நேரே 95 சதவீத எத்தனாலில் போட்டு, ஒரு நாள் கழித்து எத்தனாலை மாற்றிக் குளிரில் வையுங்கள்.

கேள்வி: பழைய நூல்களில் ‘ஹால்டிகா’ என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா? சில பெயர்களுக்குப் பின்னால் ஆசிரியர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லையே?

ஒன்றுதான். ஹால்டிகா என்பது பிற்காலத்தில் ‘திருத்திய’ எழுத்து. இன்று ஏற்பது ஆல்டிகா, ஜெஃப்ராய், 1762. பூச்சியியலாளர் சமரேந்திர மௌலிக் எழுதி 1926-இல் வந்த பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதியில் ஹால்டிசினே என்றே பார்ப்பீர்கள். தேடும்போது இரண்டு எழுத்திலும் தேடுங்கள். தெள்ளு வண்டின் பின்தொடைக்குள் இருக்கும் வில் போன்ற கடினப் பகுதியை 1929-இல் விளக்கி எழுதியவரும் அதே மௌலிக்தான். அதனால் அந்த உறுப்பை அவர் பெயராலேயே குறிப்பிடுவதுண்டு.

அடைப்புக்குறிக்கு வருவோம். முதலில் விவரித்தவர் அதை வேறு பேரினத்தில் வைத்திருந்து, பிற்பாடு ஆல்டிகாவுக்கு மாற்றியிருந்தால் அவர் பெயர் அடைப்புக்குள் வரும். லின்னேயஸ் 1758-இல் கிரைசோமெலா ஒலரேசியா என்று எழுதினார். ஆகவே ஆல்டிகா ஒலரேசியா (லின்னேயஸ், 1758). லித்ரியை ஆபே தொடக்கத்திலேயே ஆல்டிகாவில் விவரித்தார், எனவே ஆல்டிகா லித்ரி ஆபே, 1843. அழகுக்காக அடைப்புக்குறி போடுவதோ எடுப்பதோ கூடாது.

கேள்வி: புழுக்களை வளர்த்துப் பார்க்க ஆசை. ஒவ்வொரு முறையும் பூஞ்சை பிடித்துச் செத்துவிடுகின்றன.

ஈரம் அதிகம், கூட்டமும் அதிகம். கையகலப் பெட்டியில் பத்துப் புழுவுக்கு மேல் விடாதீர்கள். அடியில் வடிதாள், மூடியில் மெல்லிய துணி. இலைக்காம்பில் ஈரப்பஞ்சு சுற்றுங்கள், இலையை நனைக்க வேண்டாம். பெட்டிச் சுவரில் நீர்த்துளி தெரிந்தால் உடனே துடையுங்கள். இலையையும் எச்சத்தையும் தினமும் மாற்ற வேண்டும். முட்டைகள் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் இலையில் கொத்தாக இருக்கும். மேலே கறுப்பாகத் தெரியும் கீற்று தாய் வண்டின் எச்சம். பூஞ்சை என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள்.

புழு மூன்று பருவங்களைக் கடக்கும். தின்பதை நிறுத்தி அங்குமிங்கும் அலையத் தொடங்கினால் அது மண்ணைத் தேடுகிறது. அப்போது 3 முதல் 5 செ.மீ. ஆழத்துக்கு, பிடித்தால் உருண்டையாகி விரல் பட்டதும் உதிரும் பதத்தில் ஈரமண் இருக்க வேண்டும். மண் இல்லாத பெட்டியில் கூட்டுப்புழுவாக மாறாமலே காய்ந்து சாகும். வெளிவந்த வண்டை உடனே கொல்லாமல், நான்கைந்து நாள் இலை கொடுத்து ஓடு இறுகிய பிறகே எடுங்கள்.

கேள்வி: ஆல்டிகா கூட்டத்துக்கு நடுவே அதே நீலத்தில் ஒரு பூச்சி இருந்தது. ஆனால் வாய் ஊசிபோல் இருந்தது. இது எந்தச் சிற்றினம்?

அது வண்டே இல்லை. சைக்ரோனா செருலியா என்ற நாவாய்ப்பூச்சி. ஆல்டிகாவின் புழுவையும் வண்டையும் குத்தி உறிஞ்சும். வளர்ப்புக்கு இலை பறித்து வரும்போது அதையும் சேர்த்துப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சேகரித்த வண்டோடு வைக்கும் சீட்டில் எதை எழுதுவது, வண்டை எப்படி ஒட்டுவது?

இவ்வளவு சிறிய வண்டின் உடலில் ஊசி குத்தக் கூடாது. முக்கோண அட்டையின் நுனியைச் சற்று மடித்து, மார்பின் வலப்பக்கத்தில் ஒட்டுங்கள். அடிப்புறம் பசையில் மூழ்கினால் கடைசி அடித்தகடு தெரியாது, பிறகு ஆணா பெண்ணா என்பதே சிக்கல். முதல் சீட்டில் இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, பிடித்தவர். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுங்கள். நாள் எது, மாதம் எது என்ற குழப்பம் வராது. இரண்டாம் சீட்டில் செடியின் பெயரும், தின்றதைப் பார்த்தீர்களா, புழு இருந்ததா என்பதும். சிற்றினப் பெயருக்கு மூன்றாவதாகத் தனிச் சீட்டு. அதில் அடையாளம் கண்டவர் யார், எந்த ஆண்டு, ஆண் உறுப்பைப் பார்த்துச் சொன்னதா இல்லையா என்பது இருக்கட்டும். பின்னால் ஒருவர் பெயரை மாற்றினால் பழைய சீட்டைக் கிழிக்காமல் அதன் கீழே புதியதைக் குத்த வேண்டும்.